கல்லடியிலிருந்து லண்டன்: தூரத்தையும் நேரத்தையும் கணக்கிடும் முறை

அக்கா முதன்முதலாக லண்டனுக்குப் போனது ஒரு சித்திரை மாதக் கடைசியில். பயணச்சீட்டில், கொழும்பில் பகல் 1.00 மணிக்குப் புறப்பாடு, லண்டனில் இரவு 7.30 மணிக்கு இறக்கம் என்று இருந்தது. ஆறரை மணித்தியாலம்தானே என்று பிரஷர் குளிசைகளை எல்லாம் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டார். அவர் வானத்தில் இருந்ததோ 11 மணித்தியாலம். இரவுக் குளிசை போடும் நேரத்தில் பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் கிடந்தது. முப்பது வருடம் புவியியல் படிப்பித்த நான் அந்தச் சீட்டை வாங்கி ஒருமுறை பார்த்திருக்கலாம். அந்தக் கவலை இன்னும் போகவில்லை. ஆகவே, மட்டக்களப்பில் எங்கள் கல்லடிப் பகுதியில் யார் பயணம் போவதாகச் சொன்னாலும் இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

முதலில் தூரம். 30 செ.மீ. விட்டமுள்ள பூகோள உருண்டையும் ஒரு தையல் நூலும் போதும். நூலின் ஒரு முனையைக் கொழும்பில் பெருவிரலால் அழுத்திக்கொண்டு மறுமுனையை லண்டன்வரை இழுத்து விறைப்பாக்குங்கள். நூல் சற்று வழுக்கி, தானே மிகக் குறுகிய பாதையில் படிந்துவிடும். தட்டையான படத்தில் அடிமட்டம் வைத்தால் கோடு அரேபியாவுக்கு மேலாகப் போகும். நூலோ தெஹ்ரானை ஒட்டிப் போகிறது, அதுவும் ஏறக்குறைய நடுவழியில்! இதைப் பார்த்ததும் பிள்ளைகளின் கண்கள் விரிவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். இனி நூலை அளந்தால் 20.5 செ.மீ. வரும். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ., உருண்டையின் சுற்றளவு 94 செ.மீ.; அதாவது ஒரு செ.மீ. 425 கி.மீ. பெருக்கினால் சுமார் 8,700 கி.மீ.

பெரிய பயணிகள் விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். வகுத்தால் 9 மணி 40 நிமிடம். ஓடுபாதைக்குப் போக, ஏற, இறங்க என்று அரை மணிக்கு மேல் கூட்டுங்கள். உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளிவிடும். போர் நடக்கும் நாடுகளின் வான்பரப்பைச் சுற்றிப்போக நேர்ந்தால் இன்னும் நீளும். நேரடி விமானத்துக்கு 11 மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டிலுள்ள இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர் நேரங்கள். அக்கா தவறியது இங்கேதான். மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால். மற்ற மாதங்களில் ஐந்தரை. ஆறரையோடு நாலரையைக் கூட்டிப் பாருங்கள், பதினொன்று வந்துவிடும்.

வீட்டுப் படியிலிருந்து எண்ணுவதுதான் சரியான கணக்கு. பொலன்னறுவை, ஹபரணை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு 8 மணித்தியாலம் ஒதுக்குகிறேன். மூன்று மணித்தியாலம் முன்னதாக அங்கே நிற்க வேண்டும். வழியில் தேநீருக்கும் கால் நீட்டவும் இன்னும் இரண்டு. ஆகவே கல்லடியில் நள்ளிரவு 12 மணிக்கே புறப்பாடு. லண்டனில் இறங்கும்போது நம் ஊரில் மறுபடி நள்ளிரவு 12. முழுதாக ஒரு நாள்.

இந்த 24 மணித்தியாலத்துக்கும் வேண்டிய மருந்து கைப்பைக்குள்தான் இருக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் நேரமாற்றத்தை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அக்காவின் இரண்டாவது பயணத்தில், குளிசை நேரங்களை மட்டக்களப்பு நேரப்படி ஒரு துண்டில் எழுதி அவருடைய கடவுச்சீட்டு உறைக்குள் வைத்தேன். இறங்கும்வரை கைக்கடிகாரத்தைத் திருத்த வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.