சேர்வரில் இணையப் பக்கம் திறக்கவில்லை என்றால் எங்கிருந்து பார்ப்பது?

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணத்துச் சிறிய அலுவலகங்களில் காலை எட்டரை மணிக்கு அடிக்கடி கேட்கிற வசனம் ஒன்று உண்டு: "தம்பி, நெற் வேலை செய்யேல்லை." இந்த ஒரு வசனத்துக்குள் ஏழெட்டு விதமான கோளாறுகள் அடங்கியிருக்கக்கூடும். அவற்றுள் பலவற்றுக்கும் இணையச் சேவை வழங்குநருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் முதல் வேலையாக வழங்குநருக்குத் தொலைபேசி எடுப்பதும், அவர்கள் ரவுட்டரை நிறுத்திப் போடச் சொல்வதும், அதற்குள் அரை நாள் போய்விடுவதுமே வழக்கமாக இருக்கிறது.

இங்கே நான் மனத்தில் வைத்து எழுதுவது நம்மூரில் பரவலாகக் காணப்படும் அமைப்பை: பத்துப் பதினைந்து கணினிகள், அவற்றின் வயர்களை ஒன்றாக இணைக்கும் ஒரு சுவிச்சு, வழங்குநர் பொருத்திய ரவுட்டர், மூலையில் ஒரு வின்டோஸ் சேர்வர். கணக்குப் பதிவுகளையும் கோப்புகளையும் வைத்திருப்பதும், ஊழியர்களின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்ப்பதும் அந்தச் சேர்வரே. இணையப் பெயர்களை எண்களாலான ஐ.பி. முகவரிகளாக மாற்றித் தரும் டி.என்.எஸ். வேலையும், கணினிகளுக்கு முகவரி பகிரும் டி.எச்.சி.பி. வேலையும் பெரும்பாலும் அதன் தலையிலேயே இருக்கும். ஆகவே சேர்வரில் ஏற்படும் சிறு பிழையும் அலுவலகம் முழுவதற்கும் "நெற் இல்லை" என்ற தோற்றத்தைத் தந்துவிடும்.

எதையும் தொடுவதற்கு முன்னர் மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். சேர்வரில் மட்டும் இணையப் பக்கங்கள் திறக்கவில்லையா, மற்றக் கணினிகளிலுமா? எல்லாத் தளங்களுமா, சில மட்டுமா? ரவுட்டரின் வைஃபையில் இணைந்துள்ள கைபேசியில் வருகிறதா? மூன்றாவது கேள்வி அற்பமாகத் தெரிந்தாலும் மிகவும் பயனுள்ளது. ரவுட்டரின் வைஃபைக்கு ரவுட்டரே முகவரி பகிர்ந்தால், அதில் இணையும் கைபேசி ரவுட்டரிடமே டி.என்.எஸ். கேட்கும், அலுவலகக் கணினிகளோ சேர்வரிடம் கேட்கின்றன. அப்படியான அமைப்பில் கைபேசியில் எல்லாம் சரியாக வந்து, கணினிகள் எதிலும் வராவிட்டால், வெளி இணைப்பில் குறையில்லை என்றும் சேர்வரின் டி.என்.எஸ்.ஐப் பார்க்க வேண்டும் என்றும் கதிரையை விட்டு எழும்பாமலே முடிவு செய்யலாம். கைபேசி தன் சொந்த டேட்டாவில் ஓடவில்லை என்பதை மட்டும் முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

வயரும் முகவரியும்

சேர்வரின் வலையமைப்பு அட்டையிலும் சுவிச்சிலும் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். முதல்நாள் இரவு இடி மின்னல் இருந்திருந்தால், சுவிச்சின் ஒரு துளை மட்டும் செத்து மற்றவை உயிரோடிருக்கலாம். வயரை வேறு துளைக்கு மாற்றிப் பாருங்கள். கடற்காற்றுப் படும் இடங்களில் வயர் முனையின் செப்புத் தகடுகள் பச்சை பிடித்து, இணைப்பு வந்து வந்து போவதும் உண்டு. எல்லா விளக்குகளும் ஒரே வேகத்தில் வெறி பிடித்ததுபோல் மின்னினால், ஒரே வயரின் இரு முனைகளையும் யாரோ அதே சுவிச்சில் செருகியிருக்கக்கூடும்.

அடுத்து, கட்டளைச் சாளரத்தைத் திறந்து "ஐபிகொன்ஃபிக் /ஆல்" (ipconfig /all) என்ற கட்டளையைக் கொடுத்து, வருவதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சேர்வருக்கு எப்போதும் கையால் இட்ட நிலையான முகவரியே இருக்க வேண்டும். கணினி ஒன்றில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், டி.எச்.சி.பி. சேவையிடமிருந்து பதில் கிடைக்காமல் அது தனக்குத்தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்று பொருள். அந்த முகவரியோடு வெளியே போக முடியாது. முகவரி ஒழுங்காக இருந்தும் நுழைவாயில் முகவரி, அதாவது வெளியே போகும் வழியான ரவுட்டரின் முகவரி, வேறாக இருந்தால், அலுவலகத்துக்குள் இன்னொரு டி.எச்.சி.பி. புகுந்திருக்கிறதா என்று தேடுங்கள். நல்லூர்ப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் இப்படி ஒரு நாள் முழுவதும் அலைந்தேன். கைபேசிக்கு வைஃபை நன்றாக வரட்டும் என்று ஊழியர் ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய ரவுட்டர், மேசைக்கு அடியில் இருந்தபடி எல்லோருக்கும் முகவரி வழங்கிக்கொண்டிருந்தது. அவர் செய்தது நல்லெண்ணத்தில்தான்.

படிப்படியாக வெளியே போதல்

முகவரி சரியென்றால், சேர்வரிலிருந்து "பிங்" (ping) கட்டளையால் முதலில் ரவுட்டரின் முகவரியையும், பிறகு 8.8.8.8 என்ற கூகுளின் பொது முகவரியையும், கடைசியில் ஏதாவது ஓர் இணையத்தளத்தின் பெயரையும் அழைத்துப் பாருங்கள். ரவுட்டர் பதில் தராவிட்டால் கோளாறு அலுவலகத்துக்குள். ரவுட்டர் பதில் தந்து 8.8.8.8 தராவிட்டால், ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ. எண் பதில் தந்து பெயர் மட்டும் முகவரியாக மாறாவிட்டால், அது டி.என்.எஸ். சிக்கல். சில தளங்கள் வேண்டுமென்றே பிங்குக்குப் பதில் தருவதில்லை என்பதால், பெயரை அழைக்கும்போது பதில் வந்ததா என்பதைவிட, பெயருக்கு நேரே ஓர் எண் தோன்றியதா என்பதையே கவனிக்க வேண்டும்.

டி.என்.எஸ்.: அதிகம் தவறு நடக்கும் இடம்

அலுவலகத்தின் பயனர் பெயர்களைச் சரிபார்க்கும் சேர்வர் ஒன்றே ஒன்றாக இருந்தால், அதன் வலையமைப்பு அட்டையில் டி.என்.எஸ். முகவரியாக அந்தச் சேர்வரே இருக்க வேண்டும். அலுவலகக் கணினிகளிலும் சேர்வரின் முகவரியே இருக்க வேண்டும். வெளியுலகப் பெயர்களைச் சேர்வர் யாரிடம் கேட்டறிய வேண்டும் என்பதை, டி.என்.எஸ். மேலாண்மைக் கருவிக்குள் இருக்கும் "ஃபோர்வடர்ஸ்" (Forwarders) என்ற பட்டியலில் குறிப்பிட வேண்டும். வழங்குநரின் டி.என்.எஸ். முகவரிகளோ, 8.8.8.8, 1.1.1.1 போன்ற பொது முகவரிகளோ இடம்பெற வேண்டியது அந்தப் பட்டியலில் மட்டுமே.

நடைமுறையில் நடப்பது வேறு. இணையம் வரவில்லை என்றதும், அவசரத்தில் யாரோ சேர்வரின் வலையமைப்பு அட்டையிலேயே 8.8.8.8 என்று போட்டுவிடுகிறார்கள். உடனே இணையப் பக்கங்கள் திறக்கும். எல்லோரும் மகிழ்ந்து தேநீர் குடிக்கப் போவார்கள். மறுநாள் காலையில் கணினிகளில் உள்நுழையப் பல நிமிடங்கள் எடுக்கும், பகிர்ந்த கோப்புறைகள் காணாமற்போகும், அச்சுப்பொறி பதில் தராது. அலுவலகத்துக்குள் மட்டும் வழங்கும் பெயர்களைக் கூகுள் அறியாது என்பதே காரணம். இதை இரண்டாம் டி.என்.எஸ். முகவரியாகப் போட்டால் பாதகமில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. முதலாவது முகவரி ஒரு கணம் தாமதித்தாலும் கணினி இரண்டாவதுக்குத் தாவி, அங்கேயே நின்றுவிடக்கூடும். அப்படி உருவாகும் கோளாறு தோன்றுவதும் மறைவதுமாக இருக்கும் என்பதால், முதல் வகையைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது.

பிழை எங்கே என்று பிரித்தறிய "என்எஸ்லுக்கப்" (nslookup) என்ற கட்டளையை இரண்டு விதமாகக் கொடுக்க வேண்டும்: முதலில் தளத்தின் பெயரை மட்டும், அடுத்து அதே பெயரின் பின்னால் ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று சேர்த்து. முதலாவது சேர்வரின் டி.என்.எஸ்.இடமும், இரண்டாவது நேரே கூகுளிடமும் கேட்கிறது. இரண்டாவதுக்கு மட்டும் விடை வந்தால், சேர்வரின் டி.என்.எஸ். சேவை நின்றுபோயிருக்கலாம், அல்லது ஃபோர்வடர்ஸ் பட்டியல் காலாவதியாகியிருக்கலாம். இணைய வழங்குநரை மாற்றிய அலுவலகங்களில் இது சர்வசாதாரணம்: ரவுட்டரையும் வயரையும் மாற்றுவார்கள், சேர்வருக்குள் இருக்கும் பழைய வழங்குநரின் டி.என்.எஸ். முகவரிகளை யாரும் நினைப்பதில்லை. தன் வாடிக்கையாளர் அல்லாதவருக்கு அந்தப் பழைய வழங்குநரும் பெரும்பாலும் பதில் தரமாட்டார். இரண்டுக்குமே விடை வராமல் 8.8.8.8க்குப் பிங் மட்டும் போனால், டி.என்.எஸ். பயன்படுத்தும் வாசல் எண்ணான 53ஆம் போர்ட்டை ரவுட்டரோ, வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் தீச்சுவரோ மறித்திருக்கக்கூடும். இரண்டுக்கும் ஒழுங்காக விடை வந்தால் டி.என்.எஸ்.ஐ விட்டுவிட்டு, இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மேலோடியின் பக்கம் போகலாம். திருத்தம் செய்தபின், சேர்வரின் டி.என்.எஸ். நினைவகத்தையும், கணினிகளில் "ஐபிகொன்ஃபிக் /ஃபிளஷ்டிஎன்எஸ்" (ipconfig /flushdns) கட்டளையால் அவற்றின் நினைவகத்தையும் துடைத்துவிடுங்கள். இல்லையேல் பழைய விடையே திரும்பத் திரும்ப வந்து, செய்த திருத்தம் பலிக்கவில்லை என்று எண்ண வைக்கும்.

இதன் உறவுமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. அலுவலகத்தின் சொந்த இணையத்தளம் உலகம் முழுவதும் திறந்து, அலுவலகத்துக்குள் மட்டும் திறக்காது. உள் வலையமைப்புக்கும் வெளித் தளத்துக்கும் ஒரே பெயரை வைத்திருந்தால், அந்தப் பெயருக்குத் தானே முழு அதிகாரி என்று சேர்வர் எண்ணி, வெளியே கேட்காமலே "அப்படி ஒன்று இல்லை" என்று சொல்லிவிடும். தளத்தின் வெளி முகவரியைக் காட்டும் பதிவு ஒன்றைச் சேர்வரின் டி.என்.எஸ்.இல் கையால் சேர்த்தால் போதும்.

இரண்டு வாசல் வைத்த வீடு

மின்வெட்டுக் காலத்தில் உதவும் என்று சேர்வரில் 4ஜி டொங்கிள் ஒன்றைச் செருகி வைப்பதும், இரண்டாவது வலையமைப்பு அட்டையில் இன்னொரு இணைப்பைக் கொடுப்பதும் வழக்கமாகி வருகிறது. இரண்டு இணைப்புகளுக்கும் தனித்தனி நுழைவாயில் இருந்தால், எந்த வழியால் போவது என்பதை வின்டோஸ் தன் கணக்குப்படி தீர்மானிக்கும். அது நீங்கள் நினைத்த வழியாக இருக்க வேண்டியதில்லை. "ரூட் பிரின்ட்" (route print) கட்டளையின் விடையில் 0.0.0.0 என்று தொடங்கும் வரி இரண்டு இருந்தால், ஒன்றின் நுழைவாயிலை நீக்கிவிடுங்கள். மாற்று இணைப்புத் தேவையென்றால், இரண்டு வழிகளையும் கையாளக்கூடிய ரவுட்டரில் அதை வையுங்கள். சேர்வர் அதற்கான இடமன்று.

கடிகாரம்

பெயர் மாறுகிறது, பிங் போகிறது, ஆனால் எந்தப் பாதுகாப்பான தளத்தைத் திறந்தாலும் அது உண்மையான தளம் என்று காட்டும் சான்றிதழ் செல்லாது என்று மேலோடி மறுக்கிறது என்றால், திரையின் மூலையில் தெரியும் திகதியைப் பாருங்கள். சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. சேர்வர் பல ஆண்டுகள் பின்னால் நின்றால், இன்றைய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்காத ஒன்று. நீண்ட மின்தடைக்குப் பின் திகதி பின்னோக்கிப் போயிருந்தால், தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு வடிவப் பற்றரி தேய்ந்துவிட்டது. அதை மாற்றாமல் திகதியை மட்டும் திருத்தினால் அடுத்த மின்தடையில் இதே கதை.

நேர வலயத்தையும் சேர்த்துப் பாருங்கள். இலங்கையின் நேரம் முன்தள்ளப்பட்டிருந்த 1996 முதல் 2006 வரை புது நேரம், பழைய நேரம் என்று இரண்டு கணக்குப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வின்டோஸில் "ஸ்ரீ ஜயவர்தனபுர" என்று காட்டப்படும் +5:30 வலயமே நமக்குரியது. வலயத்தைத் தவறாக வைத்துவிட்டு, மணிக்கூட்டை மட்டும் கையால் சரிக்கட்டினால், கண்ணுக்கு நேரம் சரியாகத் தெரியும். உலகப் பொது நேரக் கணக்கில் சேர்வர் பிழையாகவே நிற்கும். சேர்வருக்கும் கணினிக்கும் இடையில் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு வந்தால், வழக்கமான அமைப்பில் உள்நுழைவே மறுக்கப்படும்.

மேலோடிக்குள்

சேர்வரில் மட்டும், மேலோடியில் மட்டும் சிக்கல் என்றால் முதலில் புரொக்சி, அதாவது இணையத்துக்குப் போகும் வழியில் இடைத்தரகராக நிற்கும் கணினி, பற்றிய அமைப்பைப் பாருங்கள். முன்பு எப்போதோ இருந்து இப்போது இல்லாத புரொக்சியின் முகவரி அங்கே எஞ்சியிருக்கலாம். பழைய இன்ரர்நெற் எக்ஸ்புளோரர், திறக்கும் ஒவ்வொரு தளத்தையும் நம்பகமானதாகச் சேர்க்கச் சொல்லித் தொல்லைப்படுத்தினால், அது கோளாறன்று. சேர்வர் வகை வின்டோஸில் வேண்டுமென்றே இடப்பட்டுள்ள கூடுதல் பாதுகாப்பு அது. அதைத் தளர்த்துவதைவிட, புதிய மேலோடி ஒன்றை நிறுவுவதே நல்லது. வின்டோஸ் சேர்வர் 2012 ஆர்2 வகைக்கான நீட்டிக்கப்பட்ட ஆதரவும் 2023 ஒக்டோபர் 10ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. அதற்கும் முந்திய வகைகளில் ரி.எல்.எஸ். 1.2 என்ற மறையாக்க முறை இயல்பாக இயங்காதிருக்கலாம் என்பதால், வலையமைப்பு முழுக்கச் சரியாக இருந்தும் தளங்கள் திறக்காமல் போகும். அங்கே வயரைத் தேடிப் பயனில்லை.

ஒரு சொல் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். செய்தி வாசிக்கவும் காணொளி பார்க்கவும் சேர்வரைப் பயன்படுத்தக் கூடாது. புதுப்பிப்பு, உரிமச் சரிபார்ப்பு, காப்புப்படி ஆகியவற்றுக்கு அதற்கு இணையம் வேண்டும். தேவையான கோப்பை வேறொரு கணினியில் தரவிறக்கி, வைரஸ் சோதித்து, பிறகு சேர்வருக்கு நகர்த்துங்கள்.

சில தளங்கள் மட்டும் பாதியில் நிற்பது

கூகுள் திறக்கும், வங்கித் தளம் வெள்ளைத் திரையாகவே நிற்கும். சிறிய மின்னஞ்சல் போகும், இணைப்போடு கூடியது போகாது. இப்படியிருந்தால், தரவைச் சுமந்து செல்லும் பொட்டலத்தின் அளவைச் சந்தேகிக்க வேண்டும். ஈதர்நெற்றில் ஒரு பொட்டலம் 1500 பைற்று வரை போகும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து ரவுட்டர் வழங்குநரோடு இணையும் பிபிபிஓஇ முறையில் இயங்கும் இணைப்புகளில் 8 பைற்று அதற்கே செலவாகி 1492 மிஞ்சும். "பிங் -எஃப் -எல் 1472 8.8.8.8" (ping -f -l 1472 8.8.8.8) என்று கொடுத்து, துண்டாக்க வேண்டும் என்ற செய்தி வந்து, 1464 என்று குறைத்ததும் பதில் வந்தால் (தலைப்புக்குரிய 28ஐக் கூட்டினால் 1492) ஐயம் உறுதி. ரவுட்டரின் வெளி இணைப்பு அமைப்பில், பொட்டலத்தின் உச்ச அளவான எம்.ரி.யு.வை 1492 என்று மாற்றுங்கள்; கணினி கணினியாகப் போய் மாற்ற வேண்டியதில்லை.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, பலனைப் பார்த்து, பலிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டே அடுத்ததைத் தொடுங்கள். இவ்வளவும் பார்த்தபின்னும் வழங்குநரை அழைக்க வேண்டியிருந்தால், சேர்வரையும் சுவிச்சையும் கழற்றி, மடிக்கணினி ஒன்றை நேரே ரவுட்டரில் செருகி, (முகவரி பகிர்வது சேர்வர் என்றால் முகவரியைக் கையால் இட்டு) 8.8.8.8க்குப் பிங் போகவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, அந்தச் சோதனையைச் செய்த நேரத்தையும் ரவுட்டரில் எந்த விளக்கு எரியவில்லை என்பதையும் சொல்லுங்கள். "உங்கள் சேர்வரைப் பாருங்கள்" என்று அவர்கள் திருப்பியனுப்ப இடமிருக்காது. ரவுட்டர், சேர்வர், ஃபோர்வடர்ஸ் ஆகியவற்றின் முகவரிகளை ஒரு தாளில் எழுதி, மழை நீர் படாதபடி பிளாஸ்ரிக் உறையிலிட்டு, சேர்வர் அலுமாரியின் கதவின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள். கடவுச்சொல்லை அதில் எழுதவேண்டாம்.