பழைய வீடியோ கேம் விற்பவருக்குத் தரும் சலுகையில் கையில் மிஞ்சுவது எவ்வளவு?

பழைய கேம்கள் விற்கும் தளங்கள் விற்பனையாளரைப் பலவிதமாக இழுக்கின்றன: கமிஷனில் தள்ளுபடி, 'சிறந்த விற்பனையாளர்' அடையாளம், கூப்பன், தேடலில் முன்னிடம், பணத்துக்குப் பதிலாகக் கூடுதல் ஸ்டோர் கிரெடிட் (அதே கடையில் மட்டும் செலவழிக்கக்கூடிய தொகை). எல்லாவற்றோடும் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டு வரும். அந்த நிபந்தனையை நிறைவேற்ற ஆகும் செலவைக் கழித்துவிட்டுத்தான் சலுகையை எடைபோட வேண்டும்.

முதலில் கணக்கு. கேமின் விலை 100, அனுப்பும் கட்டணம் 10, கமிஷன் 13% என்று வைத்துக்கொள்ளுங்கள். பல தளங்கள் அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்தே கமிஷன் போடும். அப்படியானால் 110-க்கு 14.30 போகும். 'கமிஷனில் 10% தள்ளுபடி' என்றால் கமிஷன் 13%-லிருந்து 3%-க்கு இறங்கும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது 11.7% ஆகிறது, உங்களுக்கு மிச்சம் 1.43.

இந்தத் தள்ளுபடிக்கு 30 நாள் இலவச ரிட்டர்ன் நிபந்தனை என்றால், திரும்பி வரும் ஒவ்வொரு கேமுக்கும் போகும் செலவு 10, வரும் செலவு 10, ஆக 20 உங்கள் தலையில். 100 விற்பனையில் தள்ளுபடியால் கிடைப்பது 143. கூடுதலாக 7 கேம்கள் திரும்பினால் 140 போய்விடும். 8 திரும்பினால் நஷ்டம். திரும்பி வந்ததை மறுபடி குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தால் இந்த எல்லை இன்னும் கீழே இறங்கும்.

ஈபேயின் அமெரிக்கத் தளத்தில் 'டாப் ரேட்டட்' (சிறந்த விற்பனையாளர்) நிலைக்கு 12 மாதத்தில் குறைந்தது 100 பரிவர்த்தனைகளும் 1,000 டாலர் விற்பனையும் தேவை. வருடத்துக்கு 40 கேம் விற்பவர் அதைத் துரத்தி ரிட்டர்ன் விதிகளைத் தளர்த்துவதில் பொருளில்லை.

ஆக, லாபம் இருப்பது ரிட்டர்னைக் குறைப்பதில். பழைய கேமில் ரிட்டர்ன் வருவது பெரும்பாலும் கண்டிஷனைச் சரியாக எழுதாததால்தான்.

டிஸ்க்கை விளக்கின் கீழே சாய்த்துப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2), எக்ஸ்பாக்ஸ் 360 கேம்கள் வரும் டிவிடியில் தகவல் அடுக்கு ஏறத்தாழ 0.6 மி.மீ. ஆழத்தில் இருப்பதால், அடிப்பக்கக் கீறலைப் பாலிஷ் செய்யலாம். பிஎஸ்3, பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கேம்கள் ப்ளூ-ரேயில் வருபவை. அதில் ஆழம் 0.1 மி.மீ. மட்டுமே. மேலே ஒரு கடினப் பூச்சு இருப்பதால் எளிதில் கீறாது, ஆனால் ஆழமாகக் கீறிய ப்ளூ-ரேயைப் பாலிஷ் செய்தால் டிஸ்க்கே கெட்டுவிடும். சிடியில் நிலைமை தலைகீழ்: லேபிளுக்கு நேர்கீழே தகவல் இருப்பதால் மேல்பக்கக் கீறல்தான் ஆபத்து. டிஸ்க் எதுவானாலும் முதல் திரை வந்ததோடு நிறுத்தாமல், கேமுக்குள்ளே நுழைந்து சற்று நேரம் ஓட்டிப் பாருங்கள்.

கார்ட்ரிட்ஜ் (கன்சோலில் செருகும் பிளாஸ்டிக் கேம் பெட்டி) என்றால் ஆட்டம் சேவ் ஆகிறதா என்று பாருங்கள். பல பழைய கார்ட்ரிட்ஜ்களில் சேவ் செய்ததைக் காப்பது உள்ளே இருக்கும் சிறு பேட்டரி. சேவ் செய்து, அணைத்து, பல நிமிடம் கழித்து மறுபடி போடுங்கள். பேட்டரி தீர்ந்திருந்தால் அப்படியே எழுதிவிடுங்கள். மாற்றியிருந்தால் அதையும் எழுதுங்கள். போலி நிறைய புழங்குவதால் உள்பலகையின் படம் நம்பிக்கை தரும். அதைத் திறக்க நின்டெண்டோவின் என்இஎஸ், எஸ்என்இஎஸ், என்64, கேம் பாய் கார்ட்ரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றுக்கு 3.8 மி.மீ. கேம்பிட் ஸ்க்ரூடிரைவர் வேண்டும், கேம் பாய் அட்வான்ஸுக்கு டிரை-விங் ஸ்க்ரூடிரைவர்.

படங்களில் டிஸ்க்கின் இரு பக்கமும், கீறல்களும், பெட்டியும், கையேடும் தெரிய வேண்டும். வாங்கியவர் வேறொரு கெட்ட டிஸ்க்கைத் திருப்பி அனுப்பினால் அந்தக் கீறல் படம்தான் உங்கள் சாட்சி. பெட்டிக்குள் வந்த டவுன்லோடு கோட் பயன்படுத்தியாயிற்றா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

தேடலில் முன்னிடம் பெறக் கட்டும் விளம்பரக் கட்டணம் ஒரே கேமைப் பலர் விற்கும் இடத்தில் மட்டும் பயன்படும். அரிய கேமைப் பெயர் சொல்லியே தேடுவார்கள். அங்கே அது வீண் செலவு. கூப்பன் என்றால் அந்தத் தொகையைத் தளம் ஏற்கிறதா, நீங்களா என்று விதியில் பாருங்கள்.

ஸ்டோர் கிரெடிட்: பணமாக 60, கிரெடிட்டாக 75 என்றால் 15 கூடுதல் போலத் தெரியும். அந்தக் கிரெடிட்டில் வாங்கப்போகும் கேம் வேறிடத்தில் 58-க்குக் கிடைத்து இங்கே 75 என்றால், பணமாக வாங்கினால் கேமும் கிடைக்கும், கையில் 2 மிஞ்சவும் செய்யும். எதை வாங்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்து, அதன் விலையை இரண்டு இடத்தில் பார்த்து, கிரெடிட்டின் காலாவதித் தேதியையும் படித்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.