ஒட்டிய கொமென்டை எழுதிய கொமென்டாக மாற்றியது – என் அனுபவம்

சொந்தப் பக்கத்தின் இணைப்போடு ஒரே வரியைப் பத்து யூடியூப் வீடியோவின் கீழே ஒட்டினால் யார் கண்ணிலும் படாமலே போகலாம். திரும்பத் திரும்ப வரும் ஒரே வாசகத்தை யூடியூப் ஸ்பாம் என்றே எடுக்கலாம். இணைப்பு இருந்தால், சனல்காரர் பார்த்து அனுமதிக்கும் வரை நிறுத்தியும் வைக்கலாம். எழுதியவருக்கு மட்டும் அது தெரிவதும் உண்டு. லொக்-அவுட் செய்து பார்த்தால் பிடிபடும்.

நான் மாற்றியது இதுதான்: வீடியோவை முழுதாகப் பார்த்து, ஓரிடத்தைப் பிடித்து, அதைப் பற்றி மட்டும் எழுதுவது. தேயிலை நாற்று வீடியோவின் கீழே ‘சூப்பர் அண்ணா, நம்ம சனலையும் பாருங்க’ என்பது வீண். ‘4:35இல் வெட்டிய தண்டு டிஆர்ஐ 2025 தேயிலை வகையா? தலவாக்கலைப் பக்கம் ஜூன் மாதத்தில் மழையும் காற்றும் கடுமை, அப்போது மறைப்பு எப்படிப் போடுவது?’ என்றால் பதில் வரும். 4:35 என்று எண்ணில் எழுதினால், தொட்டதும் வீடியோ அந்த இடத்துக்கே போகும்.

விஷயம் முதல் இரண்டு வரியில் இருக்கட்டும், நீண்டது மடிந்துவிடும். சனல்காரர் இதயம் போட்டபின் கொமென்டைத் திருத்தினால் அந்த இதயம் போய்விடும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் சம்பளம் பற்றிய பதிவுகளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். 2021இல் வந்த 1,000 ரூபாய் நாள் சம்பளத்தில் 900 அடிப்படை, 100 வரவு செலவுத் திட்டக் கொடுப்பனவு. ‘ஆயிரம் கொடுத்தாச்சே’ என்பவருக்குத் திட்டு வேண்டாம். இந்தக் கணக்கை எழுதி, ஒரு நாள் பேருக்கு (முழுநாள் சம்பளக் கணக்குக்கு) எத்தனை கிலோ கொழுந்து கேட்கிறார்கள் என்றும் கேளுங்கள். தோட்டத்து அக்காமாரே வந்து சொல்வார்கள்.