மீன் தொட்டிக்குத் தெர்மாகோல் பாறைச் சுவர்

பாறைப் படம் ஒட்டினால் தொட்டி தட்டையாகத்தான் தெரியும். அதனால் தெர்மாகோலில் பாறை செய்தேன். கத்தியால் வெட்டுவதைவிடக் கையால் பிய்த்தால் விளிம்பு இயல்பாக வரும். மணிமணியாகத் தெரியும் இடங்களை மேலே பூசும் சிமெண்ட் மூடிவிடும். முதல் பூச்சு மோர்ப் பதம், அப்புறம் கொஞ்சம் கெட்டி.

சிக்கல் சிமெண்டின் சுண்ணாம்புதான். அது கரைந்து தண்ணீரின் பிஎச் (அமில, காரத்தன்மையின் அளவு) ஏறினால் மீன் தாங்காது. டப்பில் மேலே கல் வைத்து மூழ்கடித்து, தினமும் தண்ணீர் மாற்றினேன். ஒரு நாள் முழுக்க ஊறிய தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் ஒரே பிஎச் காட்டிய பிறகே தொட்டிக்குள் வைத்தேன்.

தெர்மாகோல் மிதக்கும். காலித் தொட்டியிலேயே, பூஞ்சைத் தடுப்பு கலக்காத சிலிகான் பசையால் ஒட்டி நன்றாகக் காயவிடுங்கள். ஓரங்களையும் அடைத்துவிடுங்கள், பின்னால் மீன் நுழைந்தால் எடுக்கவே முடியாது.