பழைய நூல் சேலையில் முதல் ஒட்டுத்துணிப் போர்வை

கட்டிக் கட்டி மெத்தென்று ஆகிவிட்ட நூல் சேலையைத் தூக்கிப் போட மனசு வராமல், பீரோ அடித்தட்டில் மடித்து வைத்திருக்கிறீர்களா? அதை வெளியே எடுங்கள். மெஷினில் நேர்த்தையல் போடத் தெரிந்தால் இந்தப் போர்வையைத் தைத்துவிடலாம். கழுத்து, கை, ஜிப் என்ற தொல்லை எதுவும் இதில் கிடையாது. மேலே சதுரத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒட்டுத்துணி, நடுவில் ஒரு வேட்டி, அடியில் ஒரு சேலை, இந்த மூன்று அடுக்கும் சேர்ந்ததுதான் போர்வை.

அளவு சுமார் 40க்கு 50 இஞ்ச். குழந்தைக்குப் போர்த்தலாம், பெரியவர்கள் சோபாவில் காலுக்குப் போட்டுக்கொள்ளலாம். முதல் தடவையே டபுள் காட் அளவுக்கு இறங்காதீர்கள். பாதியில் மூட்டை கட்டி வைப்பீர்கள்.

துணி

மேல் அடுக்குக்கு ஐந்தாறு நிறத்தில் காட்டன் துண்டுகள்: சேலை, சுடிதார், சட்டை, டெய்லர் கடையில் மிஞ்சும் கட் பீஸ், எதுவானாலும் சரி. கனம் மட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். பனியன் துணி வேண்டாம், இழுத்துக்கொண்டே போகும். இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். கிழிகிற துணி நடு அடுக்குக்குத்தான் லாயக்கு.

நடுவில் வைக்க எட்டு முழ வேட்டி ஒன்று, இரண்டாக மடித்து. கடையில் பாலியஸ்டர் பஞ்சு ஷீட் கிடைக்கும்தான். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதைப் போர்த்திப் படுத்தால் வேர்த்துக் கொட்டும். அடியில் விரிக்க இன்னொரு சேலை. நூல் சேலையின் அகலம் 45 இஞ்ச் அளவுக்கு இருப்பதால் நடுவில் ஒட்டுப் போட வேண்டியதில்லை.

புதுத் துணி கலந்தால் முதலில் அலசிக் காயவையுங்கள். கஞ்சி போகும், சுருங்குவது இப்போதே சுருங்கிவிடும். சிவப்பு, கருநீலத்தை மட்டும் தனியாக நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணியே வேண்டாம்.

வெட்டுதல்

தினசரி காலண்டரின் பின் அட்டையில் ஐந்தரை இஞ்ச் சதுரம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். அதைத் துணியில் வைத்து மார்க்கிங் சாக்கால் வரைந்து வெட்டுங்கள். மொத்தம் 80 சதுரம்: வரிசைக்கு 8, பத்து வரிசை. வரைய வரைய அட்டையின் ஓரம் தேயும், அதனால் மூன்று அட்டை செய்து வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். அட்டை துணியின் கரைக்கு நேராக இருக்கட்டும். கிராஸாக வெட்டினால் சதுரம் இழுபட்டுக் கோணிவிடும்.

எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒரே நிறம் பக்கத்தில் பக்கத்தில் வராமல் அடுக்குங்கள். திருப்தியானதும் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஃபேன் போட்டவர் யார் என்று அப்புறம் சண்டை வராது.

அந்தக் கால் இஞ்ச்

இந்தப் போர்வையில் கறாராக இருக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான். ஓரத்திலிருந்து தையல் வரை கால் இஞ்ச், அதாவது இரண்டு நூல். ஒரு இஞ்ச்சுக்கு எட்டு நூல் என்பது ஆசாரிகள் கணக்கு. ஒவ்வொரு தையலிலும் ஒரே ஒரு நூல் கூடுதலாக உள்ளே போனால், இரண்டு துணியிலும் சேர்த்து இரண்டு நூல் குறையும். பத்துச் சதுர நீளத்துக்கு ஒன்பது தையல், ஆக இரண்டேகால் இஞ்ச் காலி. என் முதல் போர்வையைக் கண் மதிப்பில் தைத்தேன். ஒரு வரிசை நீளம், அடுத்தது குட்டை. கீழ் ஓரம் மாடிப்படி மாதிரி இறங்கியது.

இப்போது நான் செய்வது இது: ஊசி இறங்கும் புள்ளியிலிருந்து ஸ்கேலால் கால் இஞ்ச் அளந்து, மெஷின் தகட்டில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவேன். துணியின் ஓரம் அந்த டேப்பை உரசியபடியே போக வேண்டும். வேண்டாத துணியில் மூன்று சதுரம் சேர்த்துத் தைத்து, நடுச் சதுரத்தை அளந்து பாருங்கள். சரியாக 5 இஞ்ச் இருந்தால் தொடங்கலாம். இல்லையென்றால் டேப்பை நகர்த்துங்கள்.

முதலில் வரிசை வரிசையாகத் தையுங்கள். பிறகு இஸ்திரி. ஒன்றாம் வரிசையின் தையல் மடிப்பெல்லாம் வலப்பக்கம், இரண்டாம் வரிசையில் இடப்பக்கம், இப்படியே மாற்றி மாற்றி. பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுங்கள். இரண்டு வரிசையை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது, எதிரெதிரே படுத்திருக்கும் அந்த மடிப்புகள் முட்டிப் பூட்டிக்கொள்ளும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வைத்து நெருடினால் மேடு தட்டாது. அங்கேயே குண்டூசி குத்தித் தைத்தால் நாலு முனையும் ஒரே புள்ளியில் சேரும்.

மூன்றையும் சேர்ப்பது

அடிச் சேலையைச் சுற்றிலும் இரண்டு இஞ்ச் கூடுதலாக விட்டு வெட்டி, உள்பக்கம் மேலே தெரிய விரியுங்கள். இழுத்து நான்கு ஓரமும் தரையில் டேப் ஒட்டுங்கள். அதன்மேல் வேட்டி, அதன்மேல் ஒட்டுத்துணி. நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவிவிட்டு, நாலு இஞ்ச்சுக்கு ஒரு ஊக்கு குத்துங்கள்.

இதை மெஷினில் ஓட்ட வேண்டாம் என்பது என் கட்சி. கீழே இருக்கும் பல் அடித்துணியை இழுக்கும், மேலே பாதம் மேல்துணியை அழுத்திப் பிடிக்கும். புதிதாகத் தைப்பவர்களுக்குச் சுருக்கம் விழாமல் இருக்காது. முடிச்சுப் போடுவது சுலபம். எம்பிராய்டரி நூலைப் பிரிக்காமல் ஆறு இழையோடு கோத்து, நாலு சதுரம் சேரும் முனையில் ஊசியை இறக்கி, கால் இஞ்ச் தள்ளி மேலே எடுங்கள். வலது நூலை இடதின்மேல் ஒரு முடிச்சு, இடதை வலதின்மேல் இன்னொன்று. அரை இஞ்ச் விட்டு நறுக்குங்கள். மொத்தம் 63 முடிச்சு, இரண்டு சாயங்கால வேலை.

பொறுமை இருப்பவர்கள் கையாலேயே ஓட்டுத் தையல் போடலாம். வங்காளத்துக் காந்தா என்ற போர்வைகளும், கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்களின் போர்வைகளும் பழந்துணியில் அப்படித்தான் உருவாகின்றன.

ஓரம்

வேட்டியை ஒட்டுத்துணி அளவுக்குச் சரியாக நறுக்குங்கள். அடிச் சேலையை மட்டும் ஒரு இஞ்ச் வெளியே விட்டு வெட்டி, அதைப் பாதியாக மடித்து, மறுபடி மேல்பக்கம் மடித்துக் குண்டூசி குத்துங்கள். எதிரெதிர் இரண்டு பக்கம் முதலில், மற்ற இரண்டும் பிறகு. இந்த ஓரத்தை மெஷினில் தைக்கலாம். கனம் கூடுவதால் 16 நம்பர் ஊசி மாட்டி, தையலைக் கொஞ்சம் நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். மூலையில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், இல்லாவிட்டால் ஊசி ஒடியும்.

முதல் அலசலுக்கு வேறு துணியோடு சேர்க்காதீர்கள். நனைந்தால் நல்ல கனம் இருக்கும், அதனால் இரண்டு கொடியில் பரத்திப் போட்டு நிழலில் உலர்த்துங்கள். அலசுவதற்கு முன் ஊக்குகளையெல்லாம் கழற்றி எண்ணிக்கொள்ளுங்கள். என் போர்வையில் ஒன்று ஆறு மாதம் கழித்துக் காலில் குத்தித்தான் அகப்பட்டது.