கைக்கு ஏற்ற பேஸ் கிட்டார்: தேர்வில் நேரும் தவறுகள்

"என் விரல் குட்டை, எனக்கு பேஸ் வராது" என்று யாராவது சொன்னால் எனக்கு மனது கேட்காது. பெரும்பாலும் குறை விரலில் இருப்பதில்லை. எடுத்த பேஸிலோ, அதைப் பிடித்த விதத்திலோதான் இருக்கும்.

வாங்கும்போதே முதல் தவறு நடந்துவிடுகிறது. உட்கார்ந்தபடி, ஐந்தாவது ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தாண்டி, தெரிந்த இரண்டு வரியை வாசித்துவிட்டு "சரி, வசதியாக இருக்கிறது" என்று முடிவெடுத்துவிடுகிறோம். அந்த இடத்தில் எந்த பேஸும் வசதியாகத்தான் இருக்கும். தலைப்பக்கம் தந்தி தங்கும் நட்டுக்கும் உடல்பக்கம் தங்கும் பிரிட்ஜுக்கும் இடையே தந்தி அதிரும் நீளத்தை ஸ்கேல் என்கிறோம். வழக்கமான பேஸில் அது 34 அங்குலம். அதில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது வரை ஏறக்குறைய 13 செ.மீ. ஐந்திலிருந்து எட்டு வரை 10 செ.மீ.தான். கை திணறுவது நட்டின் பக்கத்தில். ஆகவே ஸ்ட்ராப் மாட்டி, எழுந்து நின்று, தடித்த தந்தியில் முதல் மூன்று நான்கு ஃப்ரெட்டுகளிலேயே கால் மணி நேரமாவது வாசித்துப் பாருங்கள்.

அடுத்தது, ஸ்கேலை மட்டும் பார்த்து நெக்கை, அதாவது கை பிடிக்கும் கழுத்தை, மறந்துவிடுவது. ஃபெண்டர் நிறுவனம் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸுக்கும் 1960இல் வந்த ஜாஸ் பேஸுக்கும் ஸ்கேல் ஒன்றேதான், 34 அங்குலம். ஆனால் ஜாஸ் பேஸின் நட் அகலம் சுமார் 38 மி.மீ. பிரிசிஷனில் பல மாடல்கள் 41 மி.மீ.யைத் தாண்டும். எண்ணில் பார்த்தால் சிறிய வித்தியாசம்தான், சின்ன உள்ளங்கைக்கோ அது பெரியது. தடித்த விரல்காரருக்கு இது தலைகீழ்: நெருக்கமான தந்திகளில் பக்கத்துத் தந்தியும் சேர்ந்து அமுங்கும்.

30 அங்குல ஷார்ட் ஸ்கேலைக் குழந்தைகளுக்கானது என்று ஒதுக்குவதும் தவறுதான். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வாசித்த வயலின் வடிவ ஹோஃப்னர் பேஸ் ஷார்ட் ஸ்கேல்தான். தந்தி கொஞ்சம் தளர்வாகத் தெரியும், ஒலியும் மாறும். அது பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி, கௌரவம் அல்ல.

செட்டப் (தந்தி உயரம் போன்றவற்றின் சீரமைப்பு) சரியில்லாத பேஸை வைத்துக் கையைக் குறை சொல்வது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் தடித்த தந்தியின் உயரம் இரண்டு, இரண்டரை மி.மீ. அளவில் இருந்தால் பலருக்கும் சிரமம் இராது. நான்கு மி.மீ. இருந்தால் நல்ல கையும் சோர்ந்துபோகும். நட்டில் தந்தி உட்காரும் வெட்டு ஆழமில்லாமல் இருந்தால், முதல் ஃப்ரெட்டை அழுத்தவே மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இரண்டையும் ரிப்பேர் தெரிந்தவர் சரிசெய்துவிடுவார். கருவியை மாற்ற வேண்டியதே இல்லை.

சமநிலையையும் சோதியுங்கள். ஸ்ட்ராப் மாட்டி, இரண்டு கையையும் மெதுவாக எடுங்கள். தலைப்பகுதி கீழே சரிந்தால், வாசிக்கும் நேரமெல்லாம் இடது கைதான் நெக்கைத் தாங்க வேண்டும். தாங்கும் கையால் விரலை எப்படி விரிக்க முடியும்? உள்பக்கம் சொரசொரப்பான அகலமான ஸ்ட்ராப் ஓரளவு உதவும், முழுதாகத் தீர்க்காது.

அப்புறம், ஸ்ட்ராப்பைத் தொடை வரை இறக்கிவிடுவது. பார்க்க அழகுதான், ஆனால் மணிக்கட்டு கூர்மையாக மடங்கிவிடும். உட்கார்ந்து வாசிக்கும்போது பேஸ் எந்த உயரத்தில் இருக்கிறதோ, நிற்கும்போதும் ஏறக்குறைய அங்கேயே இருக்கட்டும். விரல் மரத்துப்போனாலோ வலித்தாலோ உடனே நிறுத்துங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தால் கை பழகாது, கெட்டுப்போகும்.

முதல் ஃப்ரெட்டுகளிலும் ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். டபுள் பேஸ் (நிறுத்தி வைத்து வாசிக்கும், ஃப்ரெட் இல்லாத பெரிய வயலின் போன்ற கருவி) வாசிப்பவர்கள் நட்டை ஒட்டிய கீழ் நிலைகளில் ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றைத்தான் நம்புகிறார்கள். மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணையாக இறங்கும். அதற்கும் மேல் எட்ட வேண்டுமென்றால் கையையே நகர்த்திவிடுவார்கள். பேஸ் கிட்டாரிலும் இது அருமையாக வேலை செய்யும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஷார்ட் ஸ்கேல் வாங்க நினைத்தால், அதற்கு முன் இருக்கிற 34 அங்குல பேஸிலேயே ஒன்று செய்து பாருங்கள். முதல் ஃப்ரெட்டில் தொடங்கும் பயிற்சியை மூன்றாவது ஃப்ரெட்டில் தொடங்குங்கள். மூன்றிலிருந்து ஆறு வரையிலான தூரம் சுமார் பதினொன்றரை செ.மீ. 30 அங்குல பேஸில் முதல் நான்கு ஃப்ரெட்டுகள் விரிவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அங்கே கை தளர்ந்து நிம்மதியானால் ஷார்ட் ஸ்கேலைத் தேடுங்கள். அங்கேயும் வலித்தால், தந்தி உயரத்தையும் ஸ்ட்ராப்பையும் மறுபடி பாருங்கள்.