கூலிங் டவருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? கணக்குப் போடுவது எப்படி?

இயந்திரங்களில் சூடாகி வரும் தண்ணீரைக் காற்றால் குளிரவைத்துத் திருப்பி அனுப்புவதுதான் கூலிங் டவர். அதன் பம்ப் மணிக்கு 500 கனமீட்டர் தள்ளுகிறது என்றதும், அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது என்று புதிதாக வேலைக்கு வருபவர்கள் மலைத்துப்போவது வழக்கம். சுற்றுவது அதே தண்ணீர்தான். சுற்றும்போது குறைகிற அளவை மட்டும் ஊற்றினால் போதும். அதற்குப் பெயர் மேக்கப். ஆவியாகிப் போவது, ப்ளோடவுனில் நாமே வெளியேற்றுவது, காற்றோடு துளியாகப் பறப்பது என்று தண்ணீர் மூன்று வழியில் குறைகிறது.

படி 1: சுற்றும் அளவு

வெப்பச் சுமையை, அதாவது டவர் வெளியேற்ற வேண்டிய வெப்பத்தை, கிலோவாட்டில் எடுத்து 0.86-ஆல் பெருக்கி, டவருக்குள் நுழையும் தண்ணீருக்கும் வெளிவரும் தண்ணீருக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தால் வகுத்தால் மணிக்கு எத்தனை கனமீட்டர் என்பது கிடைக்கும். நம் உதாரணம்: சுமை 3,500 கிலோவாட், 38 டிகிரியில் நுழைந்து 32-ல் வருகிறது, வித்தியாசம் 6. விடை ஏறக்குறைய 500.

சில்லருக்கான (தண்ணீரைக் குளிரவைக்கும் பெரிய குளிரூட்டும் இயந்திரம்) டவர் என்றால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சில்லரின் குளிரூட்டும் திறனில் 1 டன் என்பது சுமார் 3.5 கிலோவாட். ஆனால் கம்ப்ரசரின் வெப்பமும் சேர்ந்து டவருக்குத்தான் வரும். அதனால் டன்னுக்கு 4.4 கிலோவாட் என்று பிடிப்பது வழக்கம்.

படி 2: ஆவியாகும் அளவு

சுற்றும் அளவு × வெப்பநிலை வித்தியாசம் × 0.00153. அதாவது 500 × 6 × 0.00153 = மணிக்கு 4.6 கனமீட்டர்.

அந்த 0.00153 எங்கிருந்து வந்தது? 1 கிலோ தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,420 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். 3,500 கிலோவாட்டும் ஆவியாவதிலேயே போனால் மணிக்கு 5.2 கனமீட்டர் ஆகும். நடப்பில் கொஞ்சம் வெப்பம் காற்றைச் சூடாக்குவதில் போய்விடுவதால் கணக்கு 4.6-க்கு இறங்குகிறது. வெளிக்காற்று சூடாகவும் வறட்சியாகவும் இருக்கும் நாட்களில் அந்தப் பங்கு சுருங்கிவிடும். எனவே மேக்கப் குழாயின் அளவை முடிவு செய்யும்போது நான் 5.2-ஐத்தான் எடுத்துக்கொள்வேன்.

படி 3: ப்ளோடவுன்

முழுக் கணக்கும் நிற்பது இங்கேதான். ஆவியாவது தண்ணீர் மட்டும். அதிலிருந்த உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். அப்படியே விட்டால் குழாய்களில் படிவு பிடிக்கும். அதனால் கொஞ்சத்தை வெளியேற்றுகிறோம். மேக்கப் தண்ணீரைவிட டவர் தண்ணீரில் உப்பு எத்தனை மடங்கு ஏறியிருக்கிறது என்பதே சிஓசி (சைக்கிள்ஸ் ஆஃப் கான்சன்ட்ரேஷன்). இரண்டு தண்ணீரிலும் குளோரைடை அளந்து வகுத்துப் பாருங்கள்: டவரில் 200, மேக்கப்பில் 40 என்றால் சிஓசி 5. (குளோரின் போடும் டவரில் இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். அங்கே மெக்னீசியத்தையும் அளந்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.)

ப்ளோடவுன் = ஆவியாகும் அளவு ÷ (சிஓசி − 1)

சிஓசி 2 என்றால் 4.6 கனமீட்டர் வெளியேற வேண்டும். 5 என்றால் 1.15 போதும். 10 என்றால் 0.51. ஆக, 2-லிருந்து 5-க்கு ஏற்றினால் மணிக்கு 3.45 கனமீட்டர் மிச்சம். 5-லிருந்து 10-க்குப் போனால் மிச்சமாவது 0.64-தான். அந்தச் சின்ன லாபத்துக்காகப் படிவையும் அரிப்பையும் கூடுதல் கெமிக்கல் செலவையும் இழுத்துப்போட்டுக்கொள்ள வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சிஓசியை எவ்வளவு ஏற்றலாம் என்பதை மேக்கப்பாக வரும் தண்ணீர்தான் சொல்லும். டவர் தண்ணீரில் சிலிக்கா லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாக வைக்கும் வரம்பு. வரும் தண்ணீரிலேயே 30 இருந்தால் சிஓசி 5-க்கு மேல் போக வழியில்லை.

படி 4: பறக்கும் துளிகள்

துளிகளைப் பிடித்து நிறுத்தும் நல்ல தடுப்பான் உள்ள டவரில் இது சுற்றும் அளவில் 0.005 சதவீதம், அதாவது மணிக்கு 25 லிட்டர்தான். துளியோடு உப்பும் போய்விடுவதால் படி 3-ன் விடையிலேயே இது அடக்கம். தனியாகக் கூட்ட வேண்டாம்.

படி 5: கூட்டல்

4.6 + 1.15 = மணிக்கு 5.75 கனமீட்டர். 24 மணி நேரமும் முழுச் சுமையில் ஓடினால் ஒரு நாளைக்கு 138 கனமீட்டர், அதாவது 1,38,000 லிட்டர். முதல் தடவை தொட்டியையும் குழாய்களையும் நிரப்பும் தண்ணீர் இதில் சேராது.

அப்புறம், மேக்கப் லைனில் ஒரு மீட்டர் வைத்து இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுமை கூடாமலே மீட்டர் மணிக்கு 8 கனமீட்டர் காட்டினால், முதலில் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாயைப் போய்ப் பாருங்கள். ஃப்ளோட் வால்வு சரியாக மூடாமல் தண்ணீர் சத்தமில்லாமல் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருப்பது ரொம்பச் சாதாரணம். அங்கே வறண்டிருந்தால் டவர் தண்ணீரின் குளோரைடை மறுபடி அளந்து பாருங்கள். சிஓசி இறங்கியிருந்தால், ப்ளோடவுன் வால்வு அளவுக்கு மேல் திறந்திருக்கிறதா, பம்ப் சீலில் ஒழுகுகிறதா என்று தேடுங்கள்.